சிறுவாடு

நுழையும்முன்

குடும்பத்தின் வரவு செலவு ஏட்டில் இடம்பெறாத ஒரு தொகை தமிழ்நாட்டு வீடுகளில் நெடுங்காலமாக இருந்துவந்துள்ளது. அதற்குச் சிறுவாடு என்று பெயர். அஞ்சறைப்பெட்டியிலும் அரிசிப் பானையிலும் ஒளிந்திருந்த அந்தச் சில்லறைக் காசு சேலம், நாமக்கல் சமவெளியில் எவ்வாறு பிறந்தது, ஏன் ஒளிந்தது, எப்போது வெளியே வந்தது என்பதை அறிந்தால் குடும்பச் சிக்கனத்தின் பொருளும் விளங்கும்.

மழை பார்த்த வீடுகள்

சேர்வராயன் மலையடிவாரம் முதல் கொல்லிமலை அடிவாரம்வரையிலும், மேற்கே காவிரிக் கரைவரையிலும் பரந்து கிடக்கிறது சேலம், நாமக்கல் சமவெளி. 1997ஆம் ஆண்டு நாமக்கல் தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கும்வரை இரண்டும் ஒரே மாவட்டமாக இருந்தன. 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணை இம்மண்ணில்தான் உள்ளது. எனினும், அந்த அணையில் தேங்கும் நீரின் பெரும்பகுதி கீழ்நோக்கிச் சென்று தஞ்சைச் சமவெளியை நனைக்கிறது. ராஜவாய்க்கால் பாயும் பரமத்தி வேலூர், மோகனூர்ப் பகுதிகளில் வாழையும் வெற்றிலையும் கரும்பும் செழிக்கின்றன. ஆற்றங்கரையை விட்டுச் சற்று மேடேறினால் வானம் பார்த்த புன்செய் நிலங்களே மிகுதி. அவற்றை இப்பகுதி மக்கள் 'காடு' என்றே சொல்வர்.

அந்தக் காடுகளில் நிலக்கடலையும் சோளமும் கம்பும் விளைந்தன. ஆடியில் விதைத்ததை மார்கழிக்குள் வீடு சேர்ப்பர். குச்சிக்கிழங்கு என இங்கு வழங்கும் மரவள்ளியோ, நட்டபின் பிடுங்குவதற்கு ஏறத்தாழப் பத்து மாதங்கள் எடுத்துக்கொள்ளும். ஆக, உழவர் வீட்டுக்கு வரவு வருவது ஆண்டுக்கு ஒருமுறை, மிஞ்சினால் இருமுறை. செலவோ நாள்தோறும் வரும். மழை பொய்த்தால் வரவு நாளும் பொய்த்துவிடும். செலவு நாள் ஒருபோதும் பொய்ப்பதில்லை.

இந்த இடைவெளியைக் கடக்கும் அறிவே இப்பகுதி வீடுகளின் பொருளியலாக வளர்ந்தது. அறுவடை முடிந்ததும் அடுத்த ஆண்டுக்கான விதைக்கடலை முதலில் பிரித்து வைக்கப்பட்டது. வீட்டில் எத்துணைப் பசி இருந்தாலும் அதில் கை வைப்பதில்லை என்பது எழுதப்படாத சட்டம். உணவுக்குரிய சோளமும் கம்பும் குதிருக்குச் சென்றன. புளி, மிளகாய், பருப்பு ஆகியவை விலை தணிந்திருக்கும் பருவத்தில் ஆண்டு முழுமைக்கும் வாங்கி வெயிலில் காயவைக்கப்பட்டன. வெள்ளாடும் எருமையும் கோழியும் பாலுக்கும் முட்டைக்கும் மட்டுமின்றி, மழை குறைந்த ஆண்டில் விற்றுப் பிழைப்பதற்காகவும் வளர்க்கப்பட்டன. கொட்டகையில் கட்டியிருந்த ஆடுதான் அன்றைய குடும்பத்தின் வங்கிக் கணக்கு. அது போடும் குட்டிதான் வட்டி.

இங்குச் சிக்கனம் என்பது ஒழுக்க நூல்களைப் படித்துப் பழகிய பண்பன்று. விளைந்த நாளில் விளையாத நாளை நினைப்பதே அதன் தொடக்கம். மிச்சம் பிடித்தவர் செல்வர் ஆனார் என்று கூறிவிட முடியாது. ஆனால் அடுத்த ஆடிவரை தாக்குப்பிடித்தார் என்று கூற முடியும்.

ஏட்டில் இல்லாத தொகை

குதிரின் கணக்கு வீட்டுப் பெண்ணின் கையில் இருந்தது. பணத்தின் கணக்கு அவ்வாறு இல்லை. கடலை மூட்டை விற்ற பணம் மாமனார் கைக்கோ கணவர் கைக்கோ சென்றது. நிலத்தின் பத்திரமும் ஆணின் பெயரில்தான் இருந்தது. களை எடுத்தவளும், கடலை பிடுங்கியவளும், மாட்டுக்குத் தண்ணீர் காட்டியவளும் அந்த வரவில் ஒரு காசையும் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள இயலாத நிலை பல வீடுகளில் இருந்தது.

ஆயினும், பெரிய கணக்கின் ஓரங்களில் சில சிறு வரவுகள் அவளுக்கு உரியனவாக விடப்பட்டன. மோரும் நெய்யும் முட்டையும் விற்ற காசு, அயலார் காட்டில் கடலை ஆய்ந்து பெற்ற கூலி, பண்டிகைக்கு வந்துபோன அண்ணனோ தம்பியோ கையில் வைத்துவிட்டுச் சென்ற பணம், வாரச்சந்தைச் செலவில் பேரம் பேசி மிச்சப்படுத்திய சில்லறை ஆகிய இவையே சிறுவாடு ஆயின. வாரச்சந்தை இப்பகுதி வாழ்வில் எவ்வளவு முதன்மையானது என்பதற்கு, நாமக்கல்லை அடுத்த புதன்சந்தை என்னும் ஊர்ப்பெயரே சான்று.

சிறுவாடு அஞ்சறைப்பெட்டியின் அடியிலும், அடுக்குப்பானையின் நடுவிலும், சேலை மடிப்பிலும், அம்மாயியின் சுருக்குப்பையிலும் வாழ்ந்தது. அதன் இருப்பிடம் வீட்டில் ஒருவருக்கு மட்டுமே தெரியும். சில வேளைகளில் மூத்த மகளுக்கும் தெரியும். "அப்பாகிட்டச் சொல்லிடாத கண்ணு" என்னும் ஒரு சொல்லோடு அந்த இரகசியம் அடுத்த தலைமுறைக்குக் கைமாறும்.

அது எவற்றுக்குச் செலவாயிற்று என்று பார்த்தால்தான் அதன் பெருமை புரியும். நள்ளிரவில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டபோது மருத்துவரிடம் செல்லப் பயன்பட்டது சிறுவாடு. பள்ளியில் கட்டணம் கட்டக் கடைசி நாள் என்று மகன் வந்து நின்றபோது பானைக்குள் கை சென்றது. அடகுக் கடையில் மூழ்கவிருந்த தோடு மீண்டது. சில ஆண்டுகள் பொறுமையாகச் சேர்ந்தபின் கால் பவுன் தங்கமாகவும் மாறியது. பெரிய கணக்கு எங்கெல்லாம் கைவிரித்ததோ, அங்கெல்லாம் இந்தச் சிறு கணக்கு கைகொடுத்தது.

சிறுவாடு பலருக்கு வேடிக்கைப் பேச்சின் பொருளாகவும் இருந்திருக்கிறது. மனைவி மறைத்து வைத்த பணத்தைக் கணவர் கண்டுபிடிப்பதை நகைச்சுவையாகச் சொல்லிச் சிரிப்பதுண்டு. ஆனால், எண்ணிப் பார்க்க வேண்டிய வினா வேறு. குடும்பத்தின் நன்மைக்காகவே சேர்த்த பணத்தைக் குடும்பத்தாருக்கே தெரியாமல் ஏன் ஒளித்துவைக்க வேண்டியிருந்தது? பாதுகாப்பான இடத்தில் யாரும் எதையும் ஒளிப்பதில்லை. அந்தக் காசுக்கு வீட்டுக்குள்ளேயே ஆபத்து இருந்தது என்பதே விடை. அந்த ஆபத்துகளுள் மூன்று பெரியவை: கள்ளுக்கடை, கடன் வட்டி, ஊர் மெச்சுவதற்காகச் செய்யும் செலவு.

நாட்டுக் கணக்கும் வீட்டுக் கணக்கும்

வருவாய் குறைவென்பதால் ஒருவர் கெடுவதில்லை. செலவு அதனைக் கடக்கும்போதே கெடுகிறார் என்னும் கருத்தைத் திருவள்ளுவர் இல்லறவியலில் வைக்கவில்லை. அரசருக்குரிய வலியறிதல் என்னும் அதிகாரத்தில் வைத்துள்ளார். நாட்டுக்குரிய கணக்கும் வீட்டுக்குரிய கணக்கும் அடிப்படையில் ஒன்றே என்பதற்கு இந்த இடவைப்பே குறிப்பாக அமைகிறது. அவ்விரு கணக்குகளும் நேருக்கு நேர் சந்தித்த நிகழ்வு ஒன்று சேலம் மாவட்டத்தில் நடந்தது.

சேலத்தில் வழக்கறிஞராகத் தொழில் செய்து, அந்நகராட்சியின் தலைவராகவும் இருந்த இராஜாஜி, 1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவினார். மழையை நம்பிய சிற்றூர்கள் சூழ்ந்த இடம் அது. நூற்பு வேலையின்வழி, காட்டில் வேலை இல்லாத மாதங்களிலும் பெண்கள் கையில் ஒரு சிறு கூலி சேர வழி பிறந்தது. சிறிய தொகைதான், ஆனால் அது நேராக அவர்கள் கைக்கே வந்தது. அதே ஆசிரமத்திலிருந்து 1929இல் 'விமோசனம்' என்னும் இதழ் வெளிவந்தது. மதுவிலக்குக்கென்றே நடத்தப்பட்ட அவ்விதழின் பணியில் எழுத்தாளர் கல்கி இராஜாஜிக்குத் துணைநின்றார்.

1937இல் சென்னை மாகாணத்தின் முதலமைச்சரான இராஜாஜி, மதுவிலக்குச் சட்டத்தைக் கொண்டுவந்தார். மாகாணம் முழுவதும் ஒரே நாளில் நடைமுறைப்படுத்தாமல், முதலில் ஒரு மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்தார். அது சேலம். 1937 அக்டோபர் 1ஆம் நாள் அம்மாவட்டத்தின் கள், சாராயக் கடைகள் மூடப்பட்டன. இன்றைய சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நான்கும் அன்றைய சேலம் மாவட்டத்துக்குள் அடங்கியிருந்தன.

கூலி வாங்கிய நாளின் மாலையில் வீட்டுக்கு வரும் வழியிலேயே கரைந்துபோன காசு, அந்நாள் முதல் வீடுவரை வரும் வாய்ப்பைப் பெற்றது. இதன் விளைவைக் குடும்பங்களின் வரவு செலவுக் கணக்கின் வழியாக அறிய அக்காலத்திலேயே ஆய்வுகளும் நடந்தன. ஒரு சட்டத்தின் வெற்றியை அளக்க அடுப்படியின் கணக்கைத் தேடிச் சென்ற முயற்சி அது. ஆனால், வீட்டுக்கு மிச்சமான காசு அரசுக்கு இழப்பாயிற்று. மது வழியாக வந்த வரியை விட்டுக்கொடுத்த அரசு வேறு வருவாய் தேட வேண்டியிருந்தது. 1939இல் சென்னை மாகாணம் பொது விற்பனை வரிச் சட்டத்தை இயற்றியதற்கு அதுவும் ஒரு காரணம். குடும்பத் தலைவரின் குடியால் நிரம்பும் கருவூலத்தைவிட வேறு வகையில் நிரம்பும் கருவூலமே நல்லது என்பது அன்றைய அரசின் முடிவு.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. மரமேறிக் கள் இறக்கி வாழ்ந்த குடும்பங்களின் வரவு அதே நாளில் நின்றுபோனது. அவர்கள் பதநீர் இறக்கி வெல்லம் காய்ச்சுவதற்கு வழிசெய்யப்பட்டாலும் பழைய வரவுக்கு அது ஈடாகவில்லை. கள்ளச் சாராயமும் முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. ஒரு வீட்டின் ஓட்டையை அடைக்கும்போது வேறொரு வீட்டின் அடுப்பு அணையாமல் பார்த்துக்கொள்வது எளிதான செயலன்று என்பதையும் அந்நிகழ்வு காட்டியது. மதுவிலக்கு பிற்காலத்தில் தளர்த்தப்பட்டும் மீண்டும் கொண்டுவரப்பட்டும் பல மாற்றங்களைக் கண்டது.

அடுத்த ஆண்டு, 1938இல், உழவர் கடன் நிவாரணச் சட்டம் வந்தது. 1932 அக்டோபருக்கு முன் பட்ட கடன்களில் 1937 அக்டோபர் 1ஆம் நாள்வரை செலுத்தப்படாமல் நின்ற வட்டி தீர்ந்ததாகக் கொள்ளப்பட்டது. அசல் மட்டும் நின்றது. அசலைப் போல் இருமடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடன் முழுவதும் தீர்ந்ததாகக் கொள்ளப்பட்டது. சேலத்தில் மதுக்கடை மூடிய நாளும் வட்டிக்குக் கோடு கிழித்த நாளும் ஒன்றாக இருப்பது கருதத்தக்கது. குடும்பத்தின் காசு வெளியேறும் இரு பெரு வழிகளை அக்காலத்து அரசு ஒருங்கே கண்டுகொண்டது எனலாம். எனினும், பழைய கடனைச் சட்டம் தீர்க்கலாம்; அடுத்த கடன் தேவைப்படாத நிலையை அது மட்டும் உண்டாக்கிவிடாது.

வட்டியின் கணக்கு

விடுதலைக்குப்பின் இச்சமவெளியின் வரவுமுறை மெல்ல மாறியது. நாமக்கல்லில் லாரிகளுக்குக் கூடு கட்டும் பட்டறைகளும் கோழிப் பண்ணைகளும், திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிகளும், பள்ளிபாளையம், குமாரபாளையத்தில் விசைத்தறிகளும், சேலத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளும் பெருகின. குச்சிக்கிழங்கு, ஜவ்வரிசி ஆலைகளைத் தேடிச் சென்றது. ஜவ்வரிசி உற்பத்தியாளர்களுக்கெனச் சேகோசர்வ் என்னும் கூட்டுறவு அமைப்பு 1981இல் சேலத்தில் உருவானது. ஆண்டுக்கு ஒருமுறை வந்த வரவு, பல வீடுகளில் வாரக்கூலியாகவும் மாதச் சம்பளமாகவும் வரத் தொடங்கியது.

வாரந்தோறும் பணம் வந்தால் கடன் குறைய வேண்டும். நடந்தது அதுவன்று. வாரக்கூலியைக் காட்டிக் கடன் வாங்குவது முன்னைவிட எளிதாயிற்று. நூல் விலை ஏறித் தறி நின்றாலும், முட்டை விலை சரிந்தாலும், லாரிக்கு வாடகை கிடைக்காவிட்டாலும் கூலி நின்றுவிடும், தவணை நிற்பதில்லை. குதிரும் ஆடும் இருந்த காலத்தில் ஓராண்டு மழையின்மையைத் தாங்கிய குடும்பம், அவை இரண்டும் மறைந்தபின் ஒரு மாத வேலையின்மையைத் தாங்க இயலாமல் தடுமாறியது.

கடன் எவ்வாறு விழுங்குகிறது என்பதை ஒரு கணக்கால் அறியலாம். 10,000 ரூபாயை நூற்றுக்கு மாதம் 10 ரூபாய் வட்டிக்கு ஒருவர் வாங்குவதாகக் கொள்வோம். மாத வட்டி 1,000 ரூபாய். ஓராண்டில் 12,000 ரூபாய் கட்டிய பின்னும் அசல் 10,000 ரூபாய் அப்படியே நிற்கும். இதே தொகையை நூற்றுக்கு மாதம் 1 ரூபாய் வட்டிக்குப் பெற்றால் ஆண்டு வட்டி 1,200 ரூபாய்தான். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 10,800 ரூபாய். ஆண்டு முழுவதும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 30 ரூபாயை வயிற்றைக் கட்டி மிச்சம் பிடித்தாலும் அந்த வேறுபாட்டை மட்டுமே ஈடுகட்ட முடியும்.

நாள்தோறும் தண்டும் கடன் இன்னும் நுட்பமானது. 9,000 ரூபாயைக் கையில் தந்து, நாளுக்கு 100 ரூபாயாக 100 நாள்களில் 10,000 ரூபாய் திருப்பித் தரச் சொல்வர். 1,000 ரூபாய்தானே கூடுதல் என்று தோன்றும். ஆனால், முதல் நாளிலிருந்தே அசல் திரும்பிச் செல்வதால் முழுத்தொகையும் கடன் பெற்றவரிடம் 100 நாள்கள் இருப்பதில்லை. அதனைக் கருத்தில் கொண்டு கணக்கிட்டால் ஆண்டு வட்டி 75 விழுக்காட்டைத் தாண்டும். கணிதம் அறியாதவரிடம் மட்டுமே இந்த வணிகம் அமைதியாக நடக்கும். கந்துவட்டி, மீட்டர் வட்டி முதலியவற்றைத் தடைசெய்து 2003இல் தமிழ்நாடு அரசு சட்டம் இயற்றியது. சட்டம் தண்டிக்கும், ஆனால், அவசரத்துக்கு 500 ரூபாயைச் சட்டம் தருவதில்லை. அதைத் தருவதற்கு வேறொன்று தேவைப்பட்டது.

செலவுப் பக்கத்தில் எழுதப்பட்ட பெயர்

மூன்றாவது ஆபத்து ஊர் மெச்சும் செலவு. திருமணமும் சீரும் விருந்தும் உறவைப் பேணுபவை. மொய் என்பது உறவினர் ஒருவருக்கொருவர் வட்டியின்றித் தந்துகொள்ளும் கைம்மாற்றுப் போன்றது. அதில் ஒரு பொருளியல் நுட்பமும் உண்டு. ஆனால், கொடுப்பவரின் ஆற்றலை மீறிச் சீரும் வரதட்சிணையும் வளர்ந்தபோது குடும்பக் கணக்கு கொடியதொரு வடிவம் பெற்றது. மகன் வரவுப் பக்கத்திலும் மகள் செலவுப் பக்கத்திலும் எழுதப்பட்டனர்.

அந்தக் கணக்கின் முடிவு சில வீடுகளில் பெண் சிசுக்கொலையாக அமைந்தது. இதனை மறைத்துப் பேசுவது இச்சமவெளியின் வரலாற்றுக்கு நேர்மையாகாது. பெற்றோர் வளர்க்க விரும்பாத பெண் குழந்தைகளை அரசே ஏற்று வளர்க்கும் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் முதன்முதலாகச் சேலம் மாவட்டத்தில்தான் தொடங்கப்பட்டது. பெண் குழந்தையின் பெயரில் அரசு வைப்புத்தொகை செலுத்தும் திட்டமும் அதே ஆண்டில் வந்தது. அதற்கு முன், 1989இல், பூர்வீகச் சொத்தில் மகனைப் போலவே மகளுக்கும் பங்கு உண்டு என்று தமிழ்நாடு அரசு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தியது. நாடு முழுமைக்கும் இவ்வுரிமை 2005இல்தான் கிடைத்தது.

சிக்கனத்தைப் பேசும்போது கேட்க வேண்டிய முதன்மையான வினா இங்கு எழுகிறது. ஒரு வீட்டில் சிக்கனம் யாருடைய தட்டிலிருந்து தொடங்குகிறது? கடைசியாக உண்ணும் தாயின் தட்டிலிருந்தா, மகளின் கல்வியிலிருந்தா, அல்லது அனைவரின் விருப்பங்களிலிருந்தும் சமமாகவா? ஒருவர் மட்டும் குறைத்துக்கொண்டு மற்றவர் குறைக்காத வீட்டில் மிச்சமாகும் பணத்தைச் சேமிப்பு என்று சொல்ல முடியாது. அது ஒருவரிடமிருந்து எடுக்கப்பட்ட பங்கு. பன்னிரண்டாம் வகுப்போடு மகளின் படிப்பை நிறுத்தி மிச்சப்படுத்துவது, விதைக்கடலையை வறுத்துத் தின்பதற்கு ஒப்பானது.

வெளிப்பட்ட சிறுவாடு

மகளைச் செலவென்று எழுதிய அதே காலத்தில், அதே மாவட்டத்தில், சிறுவாடு பானையை விட்டு வெளியே வரத் தொடங்கியது. பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் 1989இல் தருமபுரியில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் தொடங்கப்பட்டன. தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் நடத்திய அத்திட்டம், நாமக்கல்லையும் உள்ளடக்கியிருந்த சேலம் மாவட்டத்துக்கு 1991-92இல் விரிந்தது. 1997-98 முதல் மகளிர் திட்டம் என்னும் பெயரில் மாநிலத்தின் பிற மாவட்டங்களுக்கும் பரவியது. 1992இல் நபார்டு வங்கி, 500 குழுக்களை வங்கிகளுடன் இணைக்கும் சோதனை முயற்சியை நாடளவில் தொடங்கியது.

குழுவின் அமைப்பு மிக எளியது. ஒரே ஊரைச் சேர்ந்த 12 முதல் 20 பெண்கள் ஒன்றுகூடுவர். ஒவ்வொருவரும் வாரந்தோறும் ஒரே அளவான சிறு தொகையைச் சேமிப்பாகச் செலுத்துவர். அது அனைவர் முன்னிலையிலும் எண்ணப்பட்டு ஏட்டில் எழுதப்படும். குழுவின் பெயரில் வங்கிக் கணக்கு இருக்கும். ஊக்குநரும் பிரதிநிதிகளும் கையொப்பமிட்டால்தான் பணம் எடுக்க முடியும். சேர்ந்த தொகையிலிருந்து உறுப்பினருக்குக் குறைந்த வட்டியில் கடன் தரப்படும். அந்த வட்டியும் வெளியாருக்குச் செல்லாமல் குழுவுக்கே திரும்பும். யாருக்கு முதலில் கடன் தருவது என்பதைக் குழுவே கூடிப் பேசி முடிவு செய்யும்.

இந்த அமைப்புக்கு உலகளாவிய முன்வரலாறு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஜெர்மனியின் சிற்றூர்களில், வட்டிக்காரரிடம் சிக்கிய உழவர்களை ஒன்றுசேர்த்துச் சேமிப்பு, கடன் சங்கங்களை அமைத்தார் ரைபைசன் என்னும் ஊர்த்தலைவர். அம்முறையை ஆராய்ந்த பிரெடரிக் நிக்கல்சன் என்னும் ஆட்சிப்பணி அலுவலர், சென்னை மாகாணத்துக்கு ஏற்ற வேளாண் வங்கிகள் குறித்து 1895இலும் 1897இலும் இரு தொகுதிகளாக அறிக்கை அளித்தார். 1904இல் இந்தியாவில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அச்சங்கங்கள் பெரும்பாலும் நிலம் உடையவரையே உறுப்பினராகக் கொண்டன. நிலமில்லாத பெண்ணின் சில்லறைக் காசை ஒரு வங்கி ஏற்றுக்கொள்ள ஏறத்தாழ இன்னொரு நூற்றாண்டு ஆயிற்று.

தொகையின் அளவைக் கொண்டு பார்த்தால் பானைக்குள் இருந்த காசும் குழுவில் செலுத்திய காசும் ஒன்றே. ஆனால், ஒளித்த காசுக்கு ஒரு பயன்தான் உண்டு. அவசரத்தில் அது உதவும். எழுதிய காசுக்குப் பல பயன்கள் உண்டு. அது வட்டி ஈட்டும். அதனைக் காட்டி வங்கிக் கடன் பெற்றுக் கறவை மாடு வாங்கலாம், தையல் இயந்திரம் வாங்கலாம். அவற்றினும் மேலாக, காசு இன்னாருடையது என்பதற்கு ஏடு சான்றாகும். தன் பெயரெழுதிய வங்கிப் புத்தகத்தைக் கையில் வைத்திருக்கும் பெண்ணிடம் "இது உனக்கு ஏது?" என்று வீட்டில் எவரும் எளிதில் கேட்டுவிட முடியாது.

குழுக்களாலும் எல்லாம் சீராகிவிடவில்லை. மனைவியின் பெயரில் கடன் வாங்கிக் கணவர் செலவழித்த வீடுகள் உண்டு. ஒரு கடனை அடைக்க இன்னொரு நிறுவனத்தில் கடன் வாங்கிச் சுழலில் சிக்கியவர்களும் உண்டு. கணக்கு எழுதும் ஒருவரை மட்டும் நம்பிப் பிறர் ஏட்டைப் பாராமல் விட்ட குழுக்கள் குலைந்தன. நிலைத்த குழுக்களிடம் பொதுவாக ஒரு பண்பைக் காணலாம்: ஏடு அனைவருக்கும் திறந்திருந்தது, அதனை அனைவரும் படித்தனர்.

திறந்த ஏடு

குழுவுக்குப் பொருந்துவது வீட்டுக்கும் பொருந்தும். குடும்பத்தின் வரவு இவ்வளவு, கடன் இவ்வளவு, இம்மாதம் செலவு இவ்வளவு என்பதை வீட்டிலுள்ள அனைவரும் அறிந்திருப்பதே சிக்கனத்தின் முதற்படி. வரவு தெரியாத பிள்ளை புதிய கைப்பேசி கேட்பதில் பிழையில்லை. கணக்கு தெரிந்தபின் அதே பிள்ளை, தறி ஓடாத மாதத்தில் அதைக் கேட்பதைத் தானே தள்ளிவைக்கும். கட்டளையால் வரும் சிக்கனம் மனக்குறையை வளர்க்கும். கணக்கறிந்து வரும் சிக்கனம் பொறுப்பை வளர்க்கும்.

இரண்டாம் படி வரிசையை மாற்றுவது. செலவு போக மிஞ்சியதைச் சேமிப்பது என்றால் பெரும்பாலான வீடுகளில் எதுவும் மிஞ்சாது. விதைக்கடலையை முதலில் எடுத்துவைத்த உழவர் வழியே சரியான வழி. சம்பளமோ கூலியோ வந்த நாளிலேயே ஒரு பங்கை அஞ்சலகத்திலோ வங்கியிலோ குழுவிலோ செலுத்திவிட்டு, எஞ்சியதில் மாதத்தை நடத்த வேண்டும். மூன்றாம் படி, சேர்த்த பணத்தைக் காப்பது. ஏலச்சீட்டும் தீபாவளிச் சீட்டும் நகைச்சீட்டும் இச்சமவெளியில் பெருவழக்கு. 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்யப்பட்ட சீட்டுகள் உண்டு. பதிவில்லாச் சீட்டில் கட்டுபவர், நடத்துபவரின் நாணயத்தை மட்டுமே நம்பிக் கட்டுகிறார். நூற்றுக்கு எவ்வளவு வட்டி, அதை யாரால் எப்படித் தர முடியும் என்று கேட்கும் பழக்கம், கடன் வாங்கும்போது மட்டுமின்றிப் பணம் கட்டும்போதும் தேவை. கைப்பேசிச் செயலியில் சில நொடிகளில் கிடைக்கும் கடனுக்கும் இதே கேள்வி பொருந்தும். தண்டல்காரர் மாறியிருக்கிறார், கணக்கு மாறவில்லை.

சிக்கனம் வேறு, கஞ்சத்தனம் வேறு. தேவையானதற்கும் செலவழிக்காதது கஞ்சத்தனம்; தேவையானதற்குச் செலவழிக்க இயலும்படி மற்றவற்றைக் குறைப்பது சிக்கனம். சிறுவாடு சேர்த்த பெண்கள் கஞ்சர்கள் அல்லர். மருந்துக்கும் படிப்புக்கும் அவர்கள் கைகள் தயங்கியதே இல்லை. அவர்களுக்கு இல்லாதிருந்தது, சேர்த்ததைச் சேர்த்தேன் என்று வெளிப்படையாகச் சொல்லும் உரிமை மட்டுமே.

அந்த உரிமை முழுமையாகக் கிடைத்த வீட்டில் சிறுவாடு என்னும் சொல்லுக்கே தேவை இருக்காது. அங்குத் தாயின் சேமிப்பும் தந்தையின் கூலியும் மகளின் உதவித்தொகையும் ஒரே ஏட்டில், அவரவர் பெயரில் எழுதப்படும். அந்த ஏட்டை எழுதிக் கூட்டிச் சரிபார்க்கும் கணக்கறிவு, இன்று பதினொன்றாம் வகுப்பில் அமர்ந்திருக்கும் தலைமுறையிடம் இருக்கிறது. அவர்களுள் பலருக்கு அந்த அறிவைப் பெற்றுத்தந்ததும் ஏதோ ஒரு பானைக்குள் யாரோ சேர்த்த சிறுவாடுதான்.